அறுவடைக்கு முன்னும் பின்னும்

தொடர் வைப்புக் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் தொடங்கப்படுகின்றன. ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள் ஒன்று. ஊதிய உயர்வு கைக்கு வந்து சேரும் ஏப்ரல், மே மாதங்கள் மற்றொன்று. படிவத்தை நிரப்பும்போது வாடிக்கையாளரின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மகளின் கல்லூரிப் படிப்பு, சொந்த ஊரில் ஒரு துண்டு நிலம், ஓசூர்ப் பக்கம் ஒரு சிறு வீட்டுமனை என்று இலக்கும் திட்டமாகச் சொல்லப்படும். ஆனால் ஜூன் மாதம் வந்ததும் தவணைகள் தடுமாறத் தொடங்குகின்றன. ‘எனக்கு மன உறுதி போதவில்லை’ என்று தம்மையே நொந்துகொண்டு கணக்கை முடித்துக்கொள்பவர்களைக் கிளைகளில் பணிபுரியும் நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இந்தச் சுயகுற்றச்சாட்டு நியாயமானதுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது. குறை உறுதியில் இருக்கிறதா, அன்றி உறுதியை அரித்துத் தின்னும் வேறொன்றில் இருக்கிறதா?

இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் கரும்பு பயிரிடும் விவசாயிகளிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் அதனை எழுதினர். 54 கிராமங்களைச் சேர்ந்த 464 விவசாயிகள் அதில் பங்கேற்றனர்.

கரும்பு விவசாயியின் வருமானம் ஆண்டுக்கு ஒரு முறை வெட்டு முடிந்து ஆலையிலிருந்து பணம் வரும்போது சேர்ந்தாற்போல் வருவது. அதன் பின் சில மாதங்கள் வீட்டில் தாராளம் இருக்கும். அடுத்த வெட்டு நெருங்க நெருங்க முடை மிகும். ஆகவே, ஒரே மனிதரை அவர் கையில் பணம் இல்லாத காலத்திலும் இருக்கும் காலத்திலும் சோதித்துப் பார்க்க இயலும். ஏழையையும் செல்வரையும் ஒப்பிட்டால் படிப்பு, வளர்ப்பு, உணவு என்று ஆயிரம் வேறுபாடுகள் குறுக்கே வரும். இங்கே ஒருவர் தம்மோடு தாமே ஒப்பிடப்படுகிறார். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஆலையின் அரைவைத் திறனுக்கு ஏற்ப வெவ்வேறு விவசாயிகளுக்கு வெவ்வேறு மாதங்களில் வெட்டு முறை வழங்கப்படுகிறது. எனவே ஒரே மாதத்தில் ஒருவர் பணத்தோடும் அவருடைய அண்டை வயல்காரர் பணமின்றியும் இருப்பார். வெயில், மழை, பண்டிகை ஆகியவற்றின் விளைவைத் தனியே பிரித்துவிட இது உதவிற்று.

சோதனைகள் எளியவை. விடுபட்ட பகுதியைக் கண்டுபிடித்து வடிவத்தை நிறைவு செய்யும் படப் புதிர்கள் ஒன்று. திரையில் தெரியும் எண்ணின் மதிப்பைச் சொல்லாமல், அது எத்தனை முறை இடம்பெற்றுள்ளது என்று உடனே சொல்ல வேண்டிய பயிற்சி மற்றொன்று. ‘5 5 5’ என்று இருந்தால் ‘மூன்று’ என்பதே சரியான விடை. நாவின் நுனிக்கு ‘ஐந்து’ வந்துவிடும். அதை அடக்கிக்கொள்வதற்கே கவனம் தேவை. இரண்டிலும் அதே விவசாயிகள் அறுவடைக்கு முன்பு செய்ததைக் காட்டிலும் அறுவடைக்குப் பின்பு நன்றாகச் செய்தனர். அவர்களுடைய பண நிலையையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டனர். அறுவடைக்கு முன்பு 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்பு அது 4 விழுக்காடாகக் குறைந்தது. அடகு நகையின் நினைவு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்போது வேறொன்றைச் சிந்திக்க மிஞ்சும் இடம் சிறிதே என்பது ஆய்வாளர்களின் முடிவு.

ஒடிசாவில் பின்னர் நடந்த ஓர் ஆய்வு ஆனேக்கல் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தையல் இலை தைக்கும் தொழிலாளர்களுக்கு இரண்டு வார வேலை கொடுத்தனர். தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. ஒரு பிரிவினருக்குக் கூலியின் ஒரு பகுதி சில நாட்கள் முன்னதாகவே கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு இறுதியில் கொடுக்கப்பட்டது. மொத்தக் கூலியிலோ இலைக்கான விலையிலோ எந்த மாற்றமும் இல்லை. முன்னதாகப் பணம் பெற்றவர்களில் பலர் அதைக் கொண்டு உடனே கடனை அடைத்தனர். அதன் பிறகு அவர்களுடைய உற்பத்தி ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்தது. கவனக்குறைவால் நேரும் தவறுகளும் குறைந்தன. கை அதே கைதான். கவலை மட்டுமே சற்று இறங்கியிருந்தது.

ஆனேக்கல் நகரின் பட்டுத் தறிகளில் சேலைக்கு இவ்வளவு கூலி என்று நெய்பவர்களும், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் உற்பத்தி இலக்கை வைத்து வேலை வாங்கப்படுபவர்களும் இதைப் படித்து வியப்படைய மாட்டார்கள். இழை அறுந்ததைக் கவனிக்காமல் நான்கு விரற்கடை நெய்துவிட்ட நாள், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கடன்காரரின் பெயர் வெளிவரும்.

இவ்விடத்தில் மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுவது முறை. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஊதிய நாளுக்குச் சற்று முன்பும் பின்பும் குறைந்த வருமானமுள்ளவர்களைச் சோதித்து, அவர்களுடைய சிந்தனைத் திறனில் வேறுபாடு எதுவும் இல்லை என்று கண்டது. எனவே ‘பணமில்லாதவர் சிந்திக்க மாட்டார்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லுவது பிழை. எங்கள் கணிப்பு வருமாறு: மாதக் கடைசியின் சிறு முடை பழகிய ஒன்று, அதற்குத் தொடக்கமும் முடிவும் தெரியும். மனத்தை அரிப்பது எப்போது தீரும் என்று தெரியாத நெருக்கடி.

அப்படியானால் ஜூன் மாதத்துக்கு வருவோம். விவசாயிக்கு அறுவடைக்கு முந்திய காலம் எப்படியோ, ஊதியம் பெறும் குடும்பத்துக்குப் பள்ளி திறக்கும் காலம் அப்படி. நம் பகுதியில் அதைத் தொடர்ந்து வரமகாலட்சுமி நோன்பும் விநாயகர் சதுர்த்தியும் வரும், பிறகு தீபாவளி, பொங்கலுக்கு வேலூருக்கோ தருமபுரிக்கோ ஊர்ப் பயணம், கோடை தொடங்கும் வேளையில் ஊஸ்கூர் மத்தூரம்மன் தேர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர்கள். இவற்றுள் எதிர்பாராத செலவு என்று ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஒவ்வொன்றும் எதிர்பாராதது போலவே வந்து இறங்குகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் மாத ஊதியம் 26,000 ரூபாய். வாடகை, மளிகை, போக்குவரத்து முதலியன 21,000 ரூபாய். மீதி 5,000 ரூபாய் என்று கருதி, அதே தொகைக்குத் தொடர் வைப்புத் தொடங்குவது வழக்கம். ஆண்டுச் செலவுகளை எழுதிப் பார்த்தால் நிலை மாறும். ஜூனில் பள்ளிக் கட்டணம் 18,000. ஆகஸ்டு, செப்டம்பர் பண்டிகைகளுக்கு 8,000. நவம்பரில் இருசக்கர வாகனக் காப்பீடும் பழுது நீக்கமும் 4,000. பொங்கல் பயணம் 6,000. ஆக 36,000, மாதத்துக்கு 3,000. உண்மையான மீதி 2,000 ரூபாயே. 5,000 ரூபாய்த் தவணை முதல் ஐந்து மாதங்கள் ஓடி, ஆறாவது மாதத்தில் முறிவது உறுதிக் குறைவால் அன்று, கணக்குப் பிழையால்.

இதற்கு மாற்று, 2,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பும் 3,000 ரூபாய்க்குத் தனியானதொரு சேமிப்புக் கணக்கும். ஜனவரியில் தொடங்கினால், ஜூன் மாதத் தொகையோடு அந்தச் சேமிப்பில் சரியாக 18,000 ரூபாய் இருக்கும். தாமதமாகத் தொடங்குபவர்கள் முதல் ஆண்டில் மட்டும் வைப்புத் தவணையைக் குறைத்துக்கொண்டு இதைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது தொகையை வைப்பில் போட வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. எடுப்பதற்கென்றே சேர்க்கும் பணம் அது; வைப்பை முதிர்வுக்கு முன் முடித்தால் பல வங்கிகளில் வட்டி குறைக்கப்படுகிறது.

எடுக்கக் கூடாத பணத்தை எப்படிக் காப்பது? பெற்றோர் காலத்தில் மண் உண்டியல் இருந்தது, உடைத்தால்தான் காசு. டிலிப் சோமன், அமர் சீமா இருவரும் இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களிடையே இதே உத்தியைச் சோதித்து 2011இல் வெளியிட்டனர். வாரச் சேமிப்பு முத்திரையிட்ட உறையில் வைக்கப்பட்டது. உறையின் மீது அவர்களுடைய பிள்ளைகளின் படம் ஒட்டப்பட்டிருந்த வீடுகளில் சேமிப்பு கூடுதலாக நின்றது. ஒரே தொகையை ஓர் உறையில் வைத்தவர்களைவிட இரண்டு உறைகளில் பிரித்து வைத்தவர்களிடமும் அவ்வாறே. ஓர் உறையைப் பிரித்தாலும் இன்னொன்று பிரிக்கப்படாமல் தங்கிவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோ தீவில் ஒரு கிராமிய வங்கி, குறித்த நாள் வரையோ குறித்த தொகை சேரும் வரையோ பணம் எடுக்க முடியாத கணக்கு ஒன்றைத் தன் வாடிக்கையாளர்களுக்கு அளித்துப் பார்த்தது. அதற்குக் கூடுதல் வட்டி எதுவும் கிடையாது. அழைக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தாமாகவே அந்தப் பூட்டை விரும்பி ஏற்றனர். ஓராண்டில், இக்கணக்கு அளிக்கப்பட்ட குழுவினரின் சராசரிச் சேமிப்பு, அளிக்கப்படாதவர்களுடையதை விட 81 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருந்தது.

நம்மிடம் இதற்குச் சமமானவை உள்ளன. 4,000 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பை விட 2,000 ரூபாய்க்கு இரண்டு வைப்புகள் மேல். நெருக்கடியில் ஒன்றை முடித்தாலும் மற்றது ஓடும். வைப்புக்குப் பெயர் சூட்டும் வசதி உங்கள் கைப்பேசிச் செயலியில் இருந்தால், வெறும் எண்ணாக விடாமல் மகளின் பெயரையே இடுங்கள். தவணை நாளை ஊதியம் வரும் நாளுக்கு மறுநாளாக வைத்து, சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். இருபதாம் தேதிக்குத் தவணை வைத்துக்கொண்டு மாதந்தோறும் தம்மோடு போராடுபவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தப் போராட்டமே தேவையற்றது.

கடன் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியது சற்றுக் கூடுதல். தவணை தவறும் என்று தெரிந்ததும் கிளைக்கு வர மனம் கூசுவது இயல்பு. ஆயினும் தவறுவதற்கு முன்பு வருபவருக்கு எங்களால் செய்ய இயல்வது, தவறிய பின்பு வருபவருக்குச் செய்ய இயல்வதைவிட மிகுதி. சில விதிகளை அறிந்திருப்பதும் மனச்சுமையைக் குறைக்கும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் பெற்றவர்களுக்கு வட்டி உயரும்போது தவணைத் தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைத் தெரிவு செய்யும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்பது 2023 ஆகஸ்டு மாத அறிவுறுத்தல். காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும். இருப்பினும் தவணையைக் கட்ட முடியாமல் இரவு முழுவதும் விழித்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டையும் தாளில் எழுதிக் காட்டும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

‘எனக்கு ஏதேனும் ஆகிவிட்டால்’ என்னும் அச்சம் பலரிடம் சொல்லப்படாமலே இருக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் ஜீவன் ஜோதி பீமா ஆயுள் காப்பீடும் உள்ளன. தலா 2 லட்சம் ரூபாய். முதலாவதில் 18 முதல் 70 வயது வரையும், இரண்டாவதில் 18 முதல் 50 வயது வரையும் சேரலாம். இத்தொகை ஒரு குடும்பத்துக்குப் போதுமானதன்று. ஆயினும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். சேர்ந்த செய்தியை வீட்டாரிடம் சொல்லி வைக்க மறந்துவிடுகிறார்கள். நியமனதாரர் பெயரைப் பதிந்திருப்பதும் அதை அவருக்குத் தெரிவித்திருப்பதும் வேறு வேறு.

எல்லா மன அழுத்தமும் பணத்தால் வருவதன்று. பணி மாறும் நேரத்தில் சந்தாபுரா சந்திப்பைக் கடப்பவர்கள் அதற்குச் சாட்சி. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ இரயில் வந்தது சிலருக்கேனும் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அந்த நேரத்தைக் கூடுதல் பணிக்கு விற்றுவிடாமல் உறக்கத்துக்கோ நடைக்கோ கொடுப்பவர்கள் நல்ல வணிகர்கள் என்றே கருதுகிறோம்.

வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலை வந்துவிட்டால், அது வைப்புத் திட்டங்களால் தீரக்கூடியதன்று. அத்திப்பள்ளியிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் அதே ஓசூர் சாலையில்தான் நிமான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் உள்ளது. நடுவண் அரசின் டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவைக்கு அதுவே தலைமை மையம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அச்சேவையின் எண் 14416. எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.