பழைய ஸ்கார்பியோவின் டீசல் எங்கே போகிறது?

மஹிந்திரா ஸ்கார்பியோ 2002-இல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் இன்ஜின் கிடைத்தது. அந்தத் தலைமுறை வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "முன்னே பன்னிரண்டு கொடுத்துச்சு, இப்ப ஒன்பதைத் தாண்ட மாட்டேங்குது" என்பார்கள். அடுத்த கேள்வி, இன்ஜெக்டரை மாற்றிவிடலாமா என்பது.

அவசரம் வேண்டாம். இன்ஜெக்டருக்குக் கடைசியில்தான் வரவேண்டும். வண்டி கூடுதலாகக் குடிக்கும் டீசல் எங்கோ ஓரிடத்தில் உரசலாகவோ வெப்பமாகவோ புகையாகவோ வெளியேறுகிறது. அந்த இடத்தைப் பெரும்பாலும் கையும் காதும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். காசில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, செலவு வைப்பவற்றுக்குப் பிறகு போங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் மைலேஜ் 10-லிருந்து 12 ஆனால் 200 லிட்டர் மிச்சம். சிறிய கார் ஒன்றில் 20-ஐ 22 ஆக்கினால் மிஞ்சுவது 55 லிட்டர்தான். அதிகம் குடிக்கும் வண்டியில் சிறு முன்னேற்றமும் பெரிய சேமிப்பு.

முதல் வேலை, இப்போதைய மைலேஜைச் சரியாக அளப்பது. டேஷ்போர்டு காட்டும் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். சமதளத்தில் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் தானாக நிற்கும்வரை டீசல் நிரப்புங்கள். அதற்கு மேல் குலுக்கி நிரப்பக் கூடாது. வழக்கம்போல 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு, அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். பத்து லிட்டரில் கணக்குப் பார்த்தால் அரை லிட்டர் முன்பின் ஆனாலே ஐந்து சதவீதம் பிழை வரும். முப்பது லிட்டரில் அந்தப் பிழை சுருங்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த வண்டிகளில் 235/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 245/75 ஆர்16 போட்டவர்கள் உண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் அதிகம். வண்டி 105 கிலோமீட்டர் போனாலும் மீட்டர் 100 என்றுதான் சொல்லும். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். ஆனால் பெரிய டயரின் கனம் உண்மையாகவே டீசலைத் தின்னும்.

அடுத்து, வண்டி தடையில்லாமல் உருள்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. பிறகு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, கடுமையாகப் பிரேக் பிடிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. முன்சக்கரம் என்றால் காலிபர் பின்கள் இறுகியிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் டிரம்மையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் சோதனை ஒரு நிமிட வேலை. வெறிச்சோடிய சாலையில் நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால், அது முழுதாக விடுபட்டிருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள்.

இனி தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. பலரும் கவனிக்காத இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கோடையில் வண்டி சூடேறினால், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பட்டறைகள் உண்டு. சூடு குறைந்துவிடும், பிரச்சினை தீர்ந்ததாகவும் தோன்றும். ஆனால் அன்றிலிருந்து இன்ஜின் தனக்குரிய வெப்பத்துக்கு வருவதே இல்லை. குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், உரசல் கூடும், டீசல் சரியாக எரியாது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி கம்ப்யூட்டரும் எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கும். வால்வு இருந்தும் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் விளைவு இதேதான்.

கண்டுபிடிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல வால்வு என்றால் இன்ஜின் சூடாகும்வரை ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு இல்லை, அல்லது மூடவில்லை. நெடுஞ்சாலையில் வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்குக் கீழேயே நிற்பதும் அதே அறிகுறி. புது வால்வு போடுங்கள். ஆனால் முன்பு எதனால் சூடேறியது என்பதையும் தீர்த்தாக வேண்டும்: ரேடியேட்டர் அடைப்பு, விசிறி, கூலன்ட், வாட்டர் பம்ப். அதை விட்டுவிட்டு வால்வை மட்டும் போட்டால் பழைய தொல்லை திரும்பிவிடும். சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

பிறகு காற்று. ஏர் ஃபில்டரைத்தான் எல்லாரும் முதலில் குற்றம் சொல்வார்கள். இத்தகைய இன்ஜின்களில் அது மைலேஜைக் குறைப்பது பலர் நினைப்பதைவிடக் குறைவு. செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்ஜின் தேய்மானத்தைத் தடுக்க அதைச் சீக்கிரமே மாற்ற வேண்டும் என்பது வேறு விஷயம். ஏர் கம்ப்ரஸரால் ஓங்கி அடித்தால் காகிதம் கிழியும். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ஹோஸ்களில்தான் கண் வைக்க வேண்டும். கிளிப் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அழுத்தக் காற்று வெளியே போய்விடும். பிக்கப் குறையும், கரும்புகை வரும், அழுத்தும்போது 'புஸ்' என்ற சத்தம் கேட்கும். இணைப்பில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஹோஸ், ஒரு கிளிப், அவ்வளவுதான். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து சிக்கியிருக்கிறதா, காற்றளவு சென்சார் அழுக்காக இருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம். சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். துணியோ பிரஷ்ஷோ படக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு மைலேஜ் தேறவில்லை என்றால்தான் இன்ஜெக்டர். அப்போதும் ஸ்கேனர் போட்டு, இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் சோதனை செய்து, எந்த சிலிண்டரில் பழுது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மைலேஜ் ஏறும் என்று விற்கும் ஒட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை பக்கமும் போக வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மதிப்பிட்டது. கொஞ்சமாவது பயன் தந்தவை மிகச் சில.

வண்டியின் மேலே பாருங்கள். காலியான கேரியரும் காற்றைத் தடுக்கும். தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள். முன்னால் இரும்பு பம்பர் கார்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மத்திய அரசு 2017 டிசம்பரில் அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னதற்குக் காரணம், நடந்து போகிறவருக்கும் வண்டிக்குள் இருப்பவருக்கும் அதனால் வரும் ஆபத்து.

மிச்சம் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும்: மணிக்கு 80-ஐவிட 100-இல் அது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஸ்கார்பியோ போன்ற உயரமான, பெட்டி வடிவ வண்டிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஏற்காடு, கொல்லிமலை இறக்கங்களில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் வேகம் போதுமான அளவு இருக்கும்வரை, கம்ப்யூட்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போனால் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் போய்க்கொண்டிருக்கும். இன்ஜின் பிரேக் கிடைக்காமல், பிரேக் சூடாகி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மறுபடி டாங்க் நிரப்பி அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்றை ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும், பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் எண் ஏறாது. அந்தத் தூரத்துக்குள் இன்ஜின் சூடாகவே நேரமில்லை. அதற்குப் பட்டறையில் வைத்தியம் இல்லை. வெளிவேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடியுங்கள், அல்லது ஸ்கூட்டரை எடுங்கள்.