லடாக் குளிருக்கு ரைடிங் பூட்ஸ்: முதல்முறை வாங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

லடாக் போகத் திட்டமிடும் நம்மூர் இளைஞர்கள் ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் மாதக்கணக்கில் யூடியூப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். காலுக்கு வரும்போது மட்டும், வீட்டில் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஜூன் மாதம்தானே, கோடைதானே என்ற தைரியம்.

மணாலியிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையில் பாராலாச்சா லா சுமார் 16,000 அடி உயரம்; தாங்லாங் லா 17,000 அடிக்கும் மேல். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தபிறகு ரோதாங் கணவாய் ஏறும் வேலை மிச்சமாகிவிட்டது. மற்ற கணவாய்களை ஏறித்தான் தீர வேண்டும். ஜூனிலும் பாராலாச்சா பக்கம் சாலையோரத்தில் பனி குவிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற அது உருகி, ‘நாலா’ என்று அங்கே சொல்லும் ஓடையாகச் சாலையைக் குறுக்கே கடந்து ஓடும். அந்தத் தண்ணீரில் இறங்கி ஏறிய காலோடு மிச்ச நாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் காட்சியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நடக்கிற காலில் தசை இயங்கிக்கொண்டே இருப்பதால் சூடு பிறக்கும். வண்டியில் கால் அசையாமல் ஃபுட்பெக்கில் கிடக்கிறது, காற்றோ நேராக வந்து அடிக்கிறது. மலையேறுபவர்களுக்கு இதமாக இருக்கும் ஷூ பைக்கில் போகிறவரைக் கைவிடுவது இதனால்தான்.

படி 1: எந்தக் குளிர் என்று முடிவு செய்யுங்கள்

காற்று வேகத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரப்படி, 0 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 9 டிகிரி போல உறைக்கும். ஆகவே பூட்ஸின் முதல் வேலை காற்றைத் தடுப்பது.

ஜனவரி விடியலில் கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகிறவருக்குச் சாதாரணத் தோல் ரைடிங் பூட்ஸும் ஒரு நல்ல கம்பளி சாக்ஸும் போதும். தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடந்தாலும், சில மணி நேரத்தில் வெயில் வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான லடாக்குக்கு வாட்டர்ப்ரூஃப் டூரிங் அல்லது அட்வென்ச்சர் வகை பூட்ஸ் தேவை. டிசம்பர், ஜனவரி லடாக் புதியவர்களுக்கான விஷயமே இல்லை. அதை இங்கே பேசப்போவதில்லை.

படி 2: முதலில் பாதுகாப்பு, பிறகுதான் கதகதப்பு

குளிரை நினைத்துக் கடைக்குப் போகிறவர் உள்ளே பஞ்சு வைத்த மெத்து மெத்தான ஷூவைப் பார்த்து மயங்கிவிடுவார். 200 கிலோ எடையுள்ள வண்டி சரளைக்கல்லில் சாய்ந்து காலை அமுக்கும்போது பஞ்சு எதற்கும் உதவாது.

பூட்ஸின் நாக்குப் பகுதியின் உட்புறம் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பைக் ஓட்டுபவரின் சிறு படமும், ‘இஎன் 13634’ என்ற ஐரோப்பியத் தர எண்ணும், கீழே நான்கு இலக்கங்களும் இருக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கமும் 1 அல்லது 2. வரிசையாக அவை சொல்வது: பூட்ஸின் உயரம், சாலையில் உராய்ந்தால் தாங்கும் திறன், வெட்டுத் தாங்கும் திறன், பக்கவாட்டில் நசுங்காத உறுதி. 2 என்றால் மேல்நிலை. லடாக்குக்கு முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் 2 ஆக இருந்தால் நல்லது. பக்கத்தில் ‘டபிள்யூஆர்’ என்ற எழுத்துகள் இருந்தால் தண்ணீர் புகாமைக்கும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

சீட்டு இல்லாத பூட்ஸ் என்றால் கையாலேயே சோதியுங்கள். கணுக்காலின் இருபுறமும் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே கெட்டியான தகடு தட்டுப்பட வேண்டும். குதிகாலும் முன்பாதமும் அமுங்கக் கூடாது. இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். சுலபமாக முறுக்க முடிந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

ராணுவ பூட்ஸ், டிரெக்கிங் ஷூ, கம்பூட்ஸ் மூன்றையும் பலர் மாற்றாகச் சொல்வார்கள். மூன்றிலும் கணுக்காலுக்குத் தகடு கிடையாது. டிரெக்கிங் ஷூ பரவாயில்லை ரகம். மற்ற இரண்டையும் ரைடிங் பூட்ஸ் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 3: தண்ணீர் எப்படி உள்ளே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விரல்களை உறைய வைப்பது பெரும்பாலும் ஈரம்தான். காய்ந்த கால் 5 டிகிரியைச் சமாளித்துவிடும். நனைந்த கால் 15 டிகிரியிலேயே தவிக்கும். அதனால் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

வாட்டர்ப்ரூஃப் பூட்ஸில் வெளித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய மெம்ப்ரேன் இருக்கும். கோர்-டெக்ஸ் இதில் பேர்போனது. 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்த, நீட்டி விரித்த டெஃப்லான் வகைப் பொருள் அது. அதன் நுண்துளைகள் நீர்த்துளியை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பெயரில் ஒரு மெம்ப்ரேன் வைத்திருக்கிறது. விலை குறைந்தவற்றில் தண்ணீர் வராது, வியர்வையும் போகாது. மணாலி வெயிலில் வியர்த்த கால், மேலே ஏறும்போது அதே வியர்வையில் சில்லிட்டுவிடும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு உயரம் வரை வாட்டர்ப்ரூஃப் என்பது. பூட்ஸ் முழங்கால் அருகே வரை இருக்கலாம். ஆனால் ஜிப்புக்குப் பின்னால் இருக்கும் மடிப்புத்துணி எதுவரை தைக்கப்பட்டிருக்கிறதோ, அதுவரைதான் தண்ணீர் நிற்கும். ஜிப்பை முழுக்கத் திறந்து, விரலை விட்டுத் தடவி, மடிப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். சில பூட்ஸில் அது கணுக்காலுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும்.

எவ்வளவு நல்ல பூட்ஸானாலும் மேல்வாய் வழியாகத் தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது. உள்ளே வராமல் தடுத்த அதே மெம்ப்ரேன் வெளியே போகவும் விடாது. ஆகவே மழைக்கால்சட்டையை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே இறக்கி, கீழே வெல்க்ரோவை இறுக்குங்கள். முடிந்தவரை நாலாக்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். இரவில் பனி உருகுவது குறைவதால் தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கும். ஆழமான இடத்துக்கு மட்டும் ஒரு ஜோடி கம்பூட்ஸை வண்டியில் கட்டிக்கொண்டு போய், மாற்றிக் கடந்து, திரும்ப பூட்ஸுக்கு வருபவர்கள் உண்டு. சோம்பல்படாதவர்களுக்கு நல்ல வழி.

படி 4: மாலையில், சாக்ஸோடு அளவு பாருங்கள்

நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். அதனால் மாலையில் கடைக்குப் போங்கள். பயணத்தில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். நம்மூர் அளவு பிரிட்டிஷ் கணக்கு. இறக்குமதி பூட்ஸில் ஐரோப்பிய எண் இருக்கும். நம்முடைய 8 அங்கே ஏறக்குறைய 42. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், மாற்றித் தருவார்களா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூட்ஸை மாட்டியபின் ஐந்து விரல்களையும் உள்ளே மடக்கி நீட்ட முடிய வேண்டும். இறுக்கமான பூட்ஸ் கதகதப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை நேர்மாறானது. இறுக்கம் ரத்த ஓட்டத்தை நெருக்கும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று அடுக்கும் காணாமல் போகும். ஆனால் குதிகால் மட்டும் மேலெழும்பக் கூடாது.

படி 5: வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள்

முன்பாதம் தடித்திருந்தால் கியர் லிவருக்கு அடியில் நுழையாது. லிவரைக் கழற்றி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. புல்லட் போல குதிகாலாலும் கியர் மாற்றும் வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. வலது காலைத்தான் கவனிக்க வேண்டும். ஸோல் மிகத் தடிமனாக இருந்தால் பின்பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்ற உணர்வே பாதத்துக்கு வராது. ஈரச் சரளையில் அது ஆபத்து.

படி 6: பூட்டும் விதம்

லேஸ் வேண்டாம். அவிழ்ந்து கியர் லிவரில் சிக்கினால், வண்டியை நிறுத்தும்போது கால் தரைக்கு வராது. ஜிப்பும் வெல்க்ரோவும் எளிது. சேறு புகுந்தால் ஜிப் மக்கர் செய்யும். பக்கிள் வகை விலை அதிகம், உழைப்பும் அதிகம். கையுறையோடு பூட்டித் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

படி 7: சூட்டை சாக்ஸிடம் விடுங்கள்

தின்சுலேட் போன்ற வெப்பக்காப்பு அடுக்கு வைத்துத் தைத்த பூட்ஸும் உண்டு. நமக்கு அது வீண் செலவு என்பேன். லடாக்கில் இரண்டு வாரம் போட்டபின் சென்னையிலோ மதுரையிலோ அதை வெளியே எடுக்கவே முடியாது. அடுக்கு இல்லாத வாட்டர்ப்ரூஃப் பூட்ஸும் மெரினோ கம்பளி சாக்ஸும் போதும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தடித்த சாக்ஸ் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் மறுபடி இறுக்கம்தான். ஒரு காய்ந்த ஜோடியை பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டென்று எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

உடம்பு குளிர்ந்தால் ரத்தம் கைகால்களை விட்டு நடுவுடம்புக்குத் திரும்பிவிடும். அதனால் நெஞ்சும் வயிறும் கதகதப்பாக இல்லாவிட்டால் எந்த சாக்ஸும் உதவாது. விரல் மரத்துப்போனால் வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். தேய்க்கவோ அடுப்பருகே நீட்டவோ கூடாது. உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது.

படி 8: பணம்

பெயர்பெற்ற இறக்குமதி பூட்ஸ் பெரும்பாலும் 20,000 ரூபாயைத் தாண்டும். இந்திய நிறுவனங்களின் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் அதற்கு மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. முதல் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோலும் ஷூவும் அனுப்புகின்றன, நாமோ இத்தாலிப் பெயரைத் தேடுகிறோம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆனாலும் கணுக்கால் தகடும் தரச்சீட்டும் இல்லாத பூட்ஸை ஊர்ப்பாசத்தில் வாங்கச் சொல்ல மாட்டேன்.

படி 9: பழக்குங்கள், காய வையுங்கள், சோதியுங்கள்

புது பூட்ஸோடு நேரே மணாலிக்குப் போகாதீர்கள். சில வாரம் முன்பிருந்தே அலுவலகத்துக்குப் போட்டுப் போய்க் கடிக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வழியில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்றுங்கள். தங்குமிடத்துப் புகாரி அடுப்பை ஒட்டி வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும்.

திரும்பி வந்தபின் பெட்டியில் போட்டு மூடி வைப்பதுதான் பெரிய தவறு. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும். பாலியூரிதேன் ஸோல் சும்மா கிடந்தே காற்றின் ஈரத்தில் சிதைந்து, வெளியே புதிதுபோல் தெரிந்தாலும் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, அவ்வப்போது போட்டு நடங்கள். பழைய பூட்ஸை நம்பி அடுத்த பயணம் போவதானால், ஒரு மாதம் முன்பே எடுத்து ஸோலை நன்றாக வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் ஒட்டவைத்துச் சமாளிக்க நினைக்காமல் புதிது வாங்கிவிடுங்கள்.