கேம் பெட்டியை உடனே பிளக்கில் சொருகாதீர்கள்

காயலான் கடையிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை ஏற்றிவருகிறவர்கள் வீடு வந்ததும் கரண்ட் கொடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். பல வருடம் மூலையில் கிடந்த பெட்டிக்கு அதுவே எமன். எங்கள் ஊர் பனமலையில் இரண்டு பெட்டிகள் அப்படிப் புகைந்ததைப் பார்த்துவிட்டேன்.

பின்கதவைக் கழற்றித் தூசி தட்டுங்கள். கரையான் அரித்த பலகையை மாற்றுங்கள். தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். ஜப்பான் பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230-ஐத் தாங்காது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

அடுத்தது பிக்சர் டியூப். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபுக்குள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஓடும்போது அது 20,000 வோல்ட்டைத் தாண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரில் கிளிப் ஒயரைக் கட்டுங்கள். மறுமுனையை டியூபின் முதுகில் ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். போர்டில் வேறு எங்கும் மாட்டக் கூடாது. மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். டியூபின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையை நுழைத்தால் ‘சட்’டென்று சத்தம் வரும். சில டியூபில் சத்தமே வராது, அதை நம்பி மூடியைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி செய்யுங்கள். கண்ணாடியில் மிச்சம் ஊறி வரும். மானிட்டர் போர்டின் பெரிய கண்டென்சரையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். இதுவரை டிவியைத் திறந்தே பார்க்காதவர் ஒரு பழைய டிவி மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே இதைத் தொடவேண்டும்.

கேம் போர்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் அதை வெட்டி எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவிக் காயவிடுங்கள். 1985-க்குப் பிறகு வந்த பெரும்பாலான போர்டுகள் ஜாமா என்ற 56 முனை கனெக்டரில் சேரும். தலைகீழாகச் சொருகினால் போர்டு போயிற்று. மாட்டும் முன் இரண்டு முறை பாருங்கள். 5 வோல்ட்டைப் பவர் சப்ளையில் அளந்து திருப்திப்படாதீர்கள், ஒயரிலேயே கொஞ்சம் குறைந்துவிடும். போர்டின் சிப்பிலேயே அளந்து 5-க்கு வையுங்கள். படம் வராமல் அழும் பாதிப் பெட்டிகள் இதிலேயே எழுந்துவிடும்.

பெட்டியின் பக்கவாட்டுப் படத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. எங்கள் ஊர் தாளகிரீசுவரர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்து உமை ஓவியம் பாதி உதிர்ந்தும் நிற்கிறது. மிச்சமிருக்கும் கோடுகளைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு விடுங்கள்.

கடைசியாக ஜாய்ஸ்டிக். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு எட்டுத் திசை வேண்டும். பேக்மேனுக்கு நான்கு திசைத் தகடு போடாவிட்டால் மூலைக்கு மூலை சிக்கும். பட்டன் சுவிட்சுகளைப் புதிதாக மாற்றி, தெருப் பையன்கள் இருவரை அழைத்துத் தோளோடு தோள் இடிக்க ஆடவிடுங்கள். அந்தக் கூச்சலைக் கேட்கத்தான் நான் இத்தனை பாடும் படுகிறேன்.