லினக்ஸில் வைஃபை வரலையா? முதல்ல சிப்பைப் பாருங்க

லீவுக்கு பாப்பிரெட்டிப்பட்டி போறீங்க. 2011-ல தொடங்கின திட்டத்துல அக்காவுக்குக் கிடைச்ச விலையில்லா லேப்டாப் பரண்ல கிடக்குது. தம்பி படிக்கட்டும்னு அதுல டெபியன் லினக்ஸ் போடுறீங்க. வைஃபை மட்டும் வரல. டிரைவர் இறக்க நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதை! இந்த வரிசையில போங்க.

1. போனை கேபிள்ல சொருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. இதுக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேவையில்லை.

2. லேப்டாப் மாடலை வச்சுத் தேடாதீங்க. ஒரே மாடல்ல வேற வேற வைஃபை சிப் இருக்கலாம். டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என் ஆப்ஷனோட கொடுத்தா, சதுர அடைப்புக்குள்ள சிப்பின் எண் வரும். 8086-ல ஆரம்பிச்சா இன்டெல். அந்த எண்ணை அப்படியே தேடுங்க.

3. ஆர்எஃப்கில் லிஸ்ட் பாருங்க. 'ஹார்ட் பிளாக்டு: எஸ்' என்று வந்தா, பெரும்பாலும் லேப்டாப்பின் வைஃபை சுவிட்ச்தான் ஆஃப்.

4. டிமெசேஜ் கட்டளையில 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்க. எந்தக் கோப்பு இல்லைன்னு பெயரோட சொல்லும்.

குறிப்புகள் குழப்புறதுக்குக் காரணம், பல சமயம் அவை பழசு என்பதுதான். 2023-ல வந்த டெபியன் 12 முதல், தேவையான ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வருது. சில பிராட்காம் சிப்புகளுக்கு மட்டும் தனியா இறக்கணும். அதனால கட்டளையை காப்பி பண்றதுக்கு முன்னாடி தேதியையும் பதிப்பையும் பாருங்க.