டிக்கெட் தேதி வேறு, திரும்ப நுழையும் தேதி வேறு

வெளிநாட்டு வேலையிலிருந்து சங்கராபுரத்துக்கோ வெள்ளிமலைக்கோ லீவுக்கு வந்திருப்பவரிடம் "எப்போ கிளம்புறீங்க?" என்று கேளுங்கள். டிக்கெட் தேதியைச் சொல்வார். டிக்கெட்டைப் பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். எந்தத் தேதிக்குள் அந்த நாட்டில் மறுபடி கால் வைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சவூதியில் வேலை செய்பவர்களுக்கு இது ரீ-என்ட்ரி விசாவிலேயே இருக்கிறது. ஒருமுறை வந்துபோக இரண்டு மாதம் வரை 200 ரியால், அதற்கு மேல் மாதத்துக்கு 100. விசாத் தாளை வாங்கியதும் படித்துப் பாருங்கள். "இத்தனை நாள்" என்றிருந்தால் நீங்கள் சவூதியை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து கணக்கு. "இந்தத் தேதிக்குள்" என்றிருந்தால் தாமதமாகக் கிளம்பினாலும் கெடு நகராது. இக்காமாவும் (குடியிருப்பு அனுமதி) அதுவரை செல்லுபடியாக வேண்டும். நாட்களை நீட்டிக்க வேண்டுமானால் கஃபீல்தான் (ஸ்பான்சர்) செய்ய வேண்டும். கல்வராயன் மலையில் டவர் எட்டாத ஊர்கள் இன்னும் உண்டு. கடைசி வாரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு மேடு தேடி அலையாதீர்கள், ஒரு மாதம் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

துபாய், ஷார்ஜா என்றால் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கோல்டன் விசாவுக்கு விலக்கு உண்டு. தாண்டிவிட்டால் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம், 30 நாளுக்கு 100 திர்ஹம் அபராதமும் உண்டு. அம்மாவின் உடல்நலத்துக்காகத் தங்கியிருந்தால், அவரது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி அப்போது கைகொடுக்கும். வீட்டு விசேஷங்களுக்கு நடுவே அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கியவர்கள்தான் அதிகம் அசந்துபோகிறார்கள். பி.ஆர். அங்கே வாழ்வதற்கு. வெளியே போய் அதே உரிமையோடு திரும்ப, ரீ-என்ட்ரி பெர்மிட் தனியாக வேண்டும். பெரும்பாலும் ஐந்தாண்டுக்குத் தருகிறார்கள். அது காலாவதியாகி நீங்கள் ஊரில் இருந்தால், 2025 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி 180 நாள் அவகாசம். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் பி.ஆர். பறிபோகும். உழைத்துச் சேர்த்த நிலையை ஒரு புதுப்பிப்புக்காக இழப்பது எனக்குத் தாங்கவில்லை. கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

ஊருக்கு வந்த அன்றே சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுங்கள். கடைசி நுழைவுத் தேதித் தாளில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அதற்கு முப்பது நாள் முந்தைய தாளின் மூலையை மடித்து வையுங்கள். தினமும் தாள் கிழிக்கும் அப்பாவிடம், "இந்த மடிப்பு வந்ததும் என்னைக் கூப்பிடுங்கப்பா" என்று சொல்லி வையுங்கள்.