புதிய ஜீப்பா, பாவித்த ஜீப்பா? வாங்கும் முன் ஒரு கணக்கு

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற ஊர்களிலும் வியாபாரம் ஓரளவு கைகூடியவர்களின் கண் அடுத்ததாகச் செல்வது ஒரு சொகுசு ஜீப்பின் மீதுதான். சுமார் ஐந்து வருடங்கள் நிறுத்தப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, "புதிதாக எடுப்பதா, பாவித்ததை வாங்குவதா?" என்ற பேச்சு கடைத்தெருவில் மீண்டும் சூடுபிடித்தது.

இதனை ஆசையோடும் அந்தஸ்தோடும் சம்பந்தப்பட்ட விடயமாகவே பலர் நோக்குகின்றனர். உண்மையில் இது மூலதனம் பற்றிய விடயமாகும். கடையில் சரக்காகச் சுழல வேண்டிய பணம் வீட்டு முற்றத்தில் நின்று தேயலாமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெறுமானத் தேய்வு என்றால் என்ன?

ஒரு பொருளை வாங்கும் விலைக்கும் பின்னர் அதனை விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசமே பெறுமானத் தேய்வு. எரிபொருளுக்கும் ரயருக்கும் பணம் கொடுக்கும்போது செலவு கண்ணுக்குத் தெரிகிறது. தேய்வுக்கு பில் வருவதில்லை. ஆதலால் அதனை யாரும் செலவாகக் கருதுவதில்லை. ஆனால் விலை உயர்ந்த வாகனங்களைப் பொறுத்தவரை எல்லாச் செலவுகளிலும் பெரியது இதுதான். உலகின் பெரும்பாலான சந்தைகளில் புதிய வாகனம் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் மிக வேகமாக விலை இறங்குகிறது. அதன் பின்னர் இறக்கம் மெதுவாகிறது.

விலை ஏறிய காலம் தந்த மயக்கம்

"நம் நாட்டில் வாகனம் விலை இறங்காது, அது ஒரு முதலீடு" என்று கூறுவோர் உள்ளனர். 2020 மார்ச் மாதத்தில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பாவித்த வாகனங்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்கப்பட்டது உண்மையே. ஆனால் ஏறியது வாகனத்தின் பெறுமதியா, இறங்கியது ரூபாவின் பெறுமதியா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டொலர் சுமார் 180 ரூபாவாக இருந்த 2019 இல் ஒருவர் 1 கோடி 50 இலட்சம் ரூபாவுக்கு ஒரு ஜீப் வாங்கினார் என வைத்துக்கொள்வோம். அது அன்று சுமார் 83,000 டொலர். டொலர் சுமார் 320 ரூபாவாக இருந்த 2023 இறுதியில் அதனை அவர் 2 கோடிக்கு விற்றார். கையில் 50 இலட்சம் இலாபம். ஆனால் அந்த 2 கோடி அன்று 62,500 டொலர் மாத்திரமே. அதாவது உண்மைப் பெறுமதியில் கால் பங்கு போய்விட்டது. இலாபம் என்று அவர் மகிழ்ந்த அதே காலத்தில் தேய்வு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

மேலும், அந்த விலையேற்றம் இறக்குமதிக் கதவு மூடப்பட்டதால் வந்தது. மூடிய கதவைத் திறப்பதும், வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் அரசாங்கத்தின் கையில் உள்ளன. இந்நாட்டில் புதிய சொகுசு ஜீப்பின் விலையில் பெரும்பங்கு வரியாகும். இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்ப விதிக்கப்படும் உற்பத்தித் தீர்வை, சொகுசு வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட வற் வரி என அது நீள்கிறது. வர்த்தமானி ஒன்றினால் ஏறும் விலை இன்னொரு வர்த்தமானியினால் இறங்கவும் கூடும். அதனை நம்பி மூலதனத்தை முடக்குவது வியாபாரமல்ல.

எது தேய்கிறது, எது நிலைக்கிறது?

ஜீப் என்பது முதலில் ஒரு வேலைக் கருவி. 1948 இல் அறிமுகமான லேண்ட் ரோவர் விவசாய வேலைகளை மனதிற்கொண்டு உருவாக்கப்பட்டது. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் அது நீண்டகாலம் உழைத்தது. 1970 இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் உட்புறம் கூட தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடியதாகவே இருந்தது. தோல் இருக்கை, பெரிய திரை, காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன், நூற்றுக்கணக்கான சென்சர்கள் எல்லாம் பின்னர் வந்து சேர்ந்தவை.

வேகமாகத் தேய்வது இந்தச் சொகுசுப் பகுதிதான். இன்று புதுமையாகத் தெரியும் திரை பத்து வருடங்களில் பழையதாகிவிடும். காற்று சஸ்பென்ஷன் பழுதடைந்தால் செலவு இலட்சக் கணக்கில் வரும். மாறாக, உறுதியான செசி, டீசல் இயந்திரம், நான்கு சில்லுகளுக்கும் வலுவைக் கொண்டுசெல்லும் கியர் அமைப்பு ஆகியன நன்கு பராமரித்தால் நெடுங்காலம் நிலைக்கும். பாவித்த ஜீப் வாங்குபவர் நிலைக்கும் பகுதிக்குப் பணம் கொடுக்க வேண்டும். தேயும் பகுதிக்கான பணத்தை முதல் உரிமையாளர் ஏற்கனவே செலுத்திவிட்டார்.

ஐந்து வருடக் கணக்கு

பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தமது தொகைகளை இட்டுப் பார்க்கலாம்.

புதிய ஜீப் 3 கோடி ரூபா. ஐந்து வருடங்களில் 40 வீதம் தேய்கிறது எனக் கொண்டால் இழப்பு 1 கோடி 20 இலட்சம். வருடத்திற்கு 24 இலட்சம்.

அதே வகையில் ஆறு வருடம் ஓடிய ஜீப் 1 கோடி 60 இலட்சம். அடுத்த ஐந்து வருடங்களில் 25 வீதம் தேய்ந்தால் இழப்பு 40 இலட்சம். வருடத்திற்கு 8 இலட்சம். திருத்த வேலைகளுக்குப் புதியதை விட மேலதிகமாக வருடம் 5 இலட்சம் சேர்த்தாலும் மொத்தம் 13 இலட்சம்.

வித்தியாசம் வருடத்திற்கு 11 இலட்சம். அத்துடன் கையில் மிஞ்சும் 1 கோடி 40 இலட்சத்தை வியாபாரத்தில் இட்டு 10 வீத இலாபம் பெற்றால் இன்னும் 14 இலட்சம். ஆக வருடத்திற்கு 25 இலட்சம், மாதத்திற்கு இரண்டு இலட்சத்திற்கும் மேல். புதிய வாகனத்தின் வாசனைக்கு நாம் கொடுக்கும் விலை அது.

பாவித்ததை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மேற்படி கணக்கு நல்ல வாகனத்திற்கு மட்டுமே பொருந்தும். பழுதான ஒன்றை வாங்கினால் முழுக் கணக்கும் தலைகீழாகிவிடும்.

1. வெள்ளத்தில் நின்ற வாகனமா? பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரம் நீரில் மூழ்குவதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது கம்பளை உள்ளிட்ட பல இடங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. எனவே ஆசனப் பட்டியை முழுவதுமாக இழுத்துச் சேற்றுக்கறை உள்ளதா எனப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஆசன ஆணிகளில் துரு, வயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு, உள்ளே ஈர வாடை ஆகியன எச்சரிக்கை அடையாளங்கள்.

2. மலையில் ஓட்டிப் பாருங்கள். நகரத்துச் சமதரையில் எல்லா ஜீப்பும் நன்றாகவே ஓடும். கடுகண்ணாவ ஏற்றத்தில் அல்லது மஹியங்கனை வீதியின் 18 வளைவில் ஓட்டும்போது வெப்பமானி ஏறுகிறதா, கியர் தயங்குகிறதா, இறக்கத்தில் பிரேக் தளர்கிறதா என்பது தெரிந்துவிடும். நான்கு சில்லுக் கியரையும் தாழ் கியரையும் போட்டுப் பார்க்க மறவாதீர்கள்.

3. ஆவணங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் உள்ள உரிமையாளரின் பெயர், செசி இலக்கம், என்ஜின் இலக்கம் ஆகியவற்றை வாகனத்துடன் ஒப்பிடுங்கள். லீசிங் நிறுவனத்தின் உரிமை நீக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். ஓப்பன் பேப்பரில் வாங்கிக் காலத்தைக் கடத்த வேண்டாம். முறைகேடாகப் பதிவு செய்யப்பட்ட சொகுசு வாகனங்கள் 2024 பிற்பகுதியில் பல இடங்களில் கைப்பற்றப்பட்டதை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாறான வாகனம் கைப்பற்றப்பட்டால் தேய்வு ஒரே நாளில் 100 வீதமாகிவிடும்.

4. கண்டியிலேயே திருத்த முடியுமா? மிட்சுபிஷி பஜேரோவின் உற்பத்தி 2021 உடன் நின்றுவிட்டது. எனினும் மொண்டெரோ என்ற பெயரிலும் ஓடும் அவ்வகை ஜீப்புகளை அறிந்த மெக்கானிக்குகள் இங்கு உள்ளனர். ஒவ்வொரு பழுதுக்கும் கொழும்புக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய வாகனம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவல்ல.

புதியது யாருக்குப் பொருந்தும்?

புதியதை வாங்குவது எல்லோருக்கும் தவறல்ல. பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கைமாற்றாமல் வைத்திருக்க எண்ணுபவருக்குத் தொடக்க இழப்பு பல வருடங்களுக்குப் பரவிவிடும். மீமுரே, நக்கிள்ஸ் பக்கம் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்பவருக்கு ஜீப் தானே உழைத்துத் தரும். வழியில் நின்றுவிடாத வாகனம் அவருக்கு அவசியம். ஆனால் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து பள்ளிவாசலுக்கும் செல்ல மட்டும் பாவிக்கப்படும் ஜீப்பின் தாழ் கியர் ஒருநாளும் விழப்போவதில்லை.

தேய்வைச் சமாளிக்கும் வழிகள்

தேய்வைத் தடுக்க முடியாது, திட்டமிட முடியும். வருடாந்தத் தேய்வுத் தொகையில் ஒரு பகுதியை மாதாமாதம் தனியே ஒதுக்கி வைத்தால் அடுத்த வாகனத்திற்குக் கடன் தேவைப்படாது. ஒவ்வொரு சேர்விஸ் பில்லையும் கோவையில் வைத்திருங்கள்; விற்கும்போது அதற்கும் விலை உண்டு. காப்புறுதியில் வெள்ளமும் மண்சரிவும் உள்ளடங்குகின்றனவா எனக் கேட்டறியுங்கள். வியாபாரத்தின் பெயரில் வாங்கினால் வரி குறையும் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல், முன்கூட்டியே கணக்காளரைக் கேளுங்கள்.

எரிபொருளையும் மறக்க வேண்டாம். 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் அவ்வருடம் ஜூனில் 460 ரூபாவை எட்டியது. 1800 சீசீக்கு மேற்பட்ட பெற்றோல் வாகனங்களையும் 2300 சீசீக்கு மேற்பட்ட டீசல் வாகனங்களையும், சில விதிவிலக்குகளுடன், விற்றுவிடும்படி 2025 தொடக்கத்தில் அரச நிறுவனங்களுக்குப் பணிக்கப்பட்டது. அரசாங்கமே பாரமாகக் கண்டதை ஒரு குடும்பம் இலேசாக எண்ண முடியாது.

நம்மில் பலர் வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையில் வாகனம் எடுக்கின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆயினும் வட்டி இல்லை என்பதால் தேய்வும் இல்லை என்றாகாது. சந்தை விலை இறங்கினாலும் செலுத்த வேண்டிய தவணை இறங்காது. அதேபோல் விற்கும் நாளில் வாகனத்தின் குறையை மறைக்காமல் சொல்வதும் நம்மீதுள்ள கடமை. வாங்கும்போது நாம் தேடிய நேர்மையை விற்கும்போதும் நாம் கொடுக்க வேண்டும்.

எனவே ஜீப் வாங்கச் செல்லும் முன், அதன் விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். "இதனை ஒரு வருடம் வைத்திருக்க எனக்கு எவ்வளவு செலவாகும்? அந்தப் பணம் என் வியாபாரத்தில் இருந்தால் என்ன தரும்?" என்று தாளில் எழுதிப் பாருங்கள். விடை வந்த பின்னரும் வாங்க முடியுமாயின் தாராளமாக வாங்குங்கள்.