தீயணைப்பு, மீட்புப் பணி



அடுப்பில் எரியும் தீ சோறாக்கும். கூரையில் பற்றிய தீ குடியைக் கெடுக்கும். அத்தீயோடு போராடுவதையே தொழிலாகக் கொண்டோரைப் பற்றி இங்கு அறிவோம்.

நம் நாட்டில் 1976 முதல் தீயணைப்புப் பணி மத்திய அரசின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. 1997இல் ‘மீட்பு’ என்னும் சொல்லும் அத்துறையின் பெயரில் இடம்பெற்றது. சிறு நகரின் நிலையத்தில் பணிபுரியும் அதிகாரி தீயை மட்டுமா அணைக்கிறார்? வீட்டில் புகுந்த பாம்பைப் பிடிக்கிறார். வெள்ளத்தில் சிக்கியோரைக் கரைசேர்க்கிறார். விபத்தில் நசுங்கிய வண்டியை வெட்டி உயிரை மீட்கிறார்.

எரிபொருள், வெப்பம், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால்தான் தீ எரியும். ஒன்றை அகற்றினால் அணையும். நீர் வெப்பத்தைத் தணிக்கும். ஆயினும் எரியும் எண்ணெயில் நீர் ஊற்றலாகாது; நீர் நொடியில் ஆவியாகி எண்ணெயைச் சிதறடிக்கும். அடுப்பை நிறுத்திச் சட்டியை மூடுதலே முறை. இதனை வீட்டில் அன்னையர்க்கும் கூறுங்கள்.

இத்தொழிலில் உயிருக்கே இடருண்டு. 2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங்கில், ஈயக்குட்டையில் விழுந்த இளைஞனைத் தேடி இறங்கிய மீட்பு வீரர் அறுவர் மாண்டனர். அவர்கள் தேடியது முன்பின் அறியாத ஒருவரையே அன்றோ?

இனியொன்று. விளையாட்டாக 999ஐ அழைத்தல் பெரும் பிழை. சிறு நகரில் வண்டிகள் சிலவே. பொய்யழைப்பை நம்பி ஒன்று புறப்பட்டால், மெய்யாகவே எரியும் வீட்டிற்கு உதவி தாமதமாகும். அவ்வீடு நம்முடையதாகவும் இருக்கலாம்.

உடலுரமும் கல்வியும் துணிவும் உடைய மாணவர் நம் பள்ளியிலும் உளர். அவர்களுள் சிலரேனும் இச்சீருடை அணிவதைக் காண விழைகிறோம்.